கியால்மு யோசிக்காமல் குடித்த கோப்பை

மனாஸ்லுவின் உயரம் 8,163 மீட்டர். பதினாறு பருவங்களாக அந்த மலைக்கு ஆள் சேர்த்து அனுப்பிவரும் கியால்மு ஷெர்பா, அதன் பனியில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அடிவார முகாமின் கருங்கல் குவியலோடு அவள் எல்லை முடிந்துவிடும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் வாக்கி டாக்கியோடு, மேலே இருப்பவர்களைத் திட்டுவாள். வருடத்தின் மீதி நாட்களில் காத்மாண்டுவில், பௌத்தா ஸ்தூபிக்குப் பின்சந்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் அலுவலகத்திலிருந்து திட்டுவாள்.

வயது நாற்பத்தேழு. கணவர் நியூயார்க்கில் டாக்சி ஓட்டுகிறார். அவர் எழுந்திருக்கும் நேரத்தில் இவள் தூங்கப் போய்விடுவதால் இருவருக்கும் சண்டை வருவதில்லை. மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அப்பா மலையேற்றக் குழுக்களுக்குச் சமையல்காரராக இருந்தவர். அவர் சொல்லித்தான் பத்தொன்பது வயதில் ஜாங்புவின் மலையேற்ற நிறுவனத்தில் டீ போடச் சேர்ந்தாள். ஜாங்பு நல்ல மலையேறி, எங்கே போனாலும் அவருக்கு நண்பர்கள். ஆனால் அவர் தனியாகத் திட்டம் போட்ட வருடம், அடிவார முகாமுக்குக் கூடாரத் துணிகள் வந்தன, கம்புகள் வரவில்லை. கம்புகள் எந்த ஊரில் எந்தத் திண்ணையில் கிடக்கின்றன என்று போன் போட்டுக் கண்டுபிடித்தவள் கியால்மு. மறுநாளிலிருந்து டீ போட வேறு ஆள் வைத்தார்கள்.

மலையேற்றம் என்றதும் வெளியாட்களுக்குக் கயிறும் பனிக்கோடரியும் ஞாபகம் வரும். கியால்முவுக்குக் கோவேறு கழுதைதான் முதலில் ஞாபகம் வரும். செப்டம்பரில் ஏற வேண்டுமென்றால், மழை கொட்டும் ஆகஸ்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர்கள் கழுதை முதுகில் ஏறியாக வேண்டும். பாதையில் மண் சரியும். சரிந்த இடத்தில் கழுதைகள் நிற்கும். நிற்கிற கழுதைகளை வேறு குழுவின் ஆள் வந்து பேசி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அடுத்தது சமையல் குழு. எல்லோருக்கும் முன்னால் அவர்கள் மேலே போய், தண்ணீருக்குப் பக்கத்தில் சமதளமாக இடம் பிடிக்க வேண்டும். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரிதான் அதுவும். பிறகு மலைக்குக் கீழே சாமாகாவ் ஊரில் இருக்கும் லாமாவிடம் பூஜைக்கு நாள் கேட்க வேண்டும். பூஜை முடியாமல் எந்த ஷெர்பாவும் பனியைத் தொடமாட்டான். அதனால் வானிலை ஆட்களிடம் பேசுவதற்கு முன்பே லாமாவிடம் பேசிவிடுவாள்.

இதெல்லாம் சுலபம். ஆட்களைப் பிரிப்பதுதான் கஷ்டம். அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. இடது பக்கம் ஏற வருகிறவர்கள், வலது பக்கம் ஏற்றிவிடுகிற வழிகாட்டிகள். யாருக்கு யார் என்று கியால்மு கோடு போடுவாள். குறட்டை விடுகிறவனைத் தூக்கம் வராதவரோடு சேர்க்கமாட்டாள். வேகமாக நடக்கிறவனை, தானும் வேகமாக நடப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவரோடு சேர்க்கமாட்டாள். ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பேரை ஒரே இரவில் ஒரே முகாமில் தங்கவிடமாட்டாள். இதற்கு மட்டும் காரணம் சொல்வதில்லை. அவள் வீட்டு அலமாரியில் இரண்டு அண்ணன்களின் படமும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறது.

பலகை நிரம்ப ஆரம்பிக்கும் ஜூலையில் அவளைத் தேடி பிளாஸ்க்குகள் வரத் தொடங்கும். ஒருவரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் ஷெர்பாக்கள் வெறுங்கையோடு போய்க் கேட்பதில்லை. சாங் கொண்டுபோவார்கள், அரிசியைப் புளிக்கவைத்து இறக்கிய வெள்ளைக் கள். கோப்பையின் விளிம்பில் மூன்று இடத்தில் வெண்ணெய் தொட்டு வைத்து, நிறைய ஊற்றி, “ஷே, ஷே” என்று நீட்டுவார்கள். குடி, குடி என்று அர்த்தம். எதற்கு வந்தீர்கள் என்று அப்போது கேட்டால், “சும்மாதான்” என்பார்கள். ஒரு வாய் குடித்ததும் மறுபடி நிரப்புவார்கள். மறுபடியும் ஒரு முறை. மூன்றாவது ஊற்றுக்குப் பிறகுதான் வந்த காரியம் வாயைத் திறக்கும். அதன்பின் குடித்தவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் போகவில்லை என்று இன்றைக்கும் பௌத்தாவில் பேசுவார்கள்.

அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் கியால்முவுக்கு அல்சர் வந்துவிடும்.

“போன வருஷமும் இதே மாசம்தானே அக்கா வந்துச்சு?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“மழை ஈரம் ஒத்துக்கல. டாக்டர் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாதுன்னுட்டார்.”

மகனுக்காக வந்தவர்கள், தம்பிக்காக வந்தவர்கள், மருமகனை வீட்டிலிருந்து கிளப்பினால் போதும் என்று வந்தவர்கள் எல்லோரும் பிளாஸ்க்கை மூடியபடியே திரும்பிப் போனார்கள். அல்சர் பொய் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் கோப்பையைத் தட்டிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

இந்த வருடம் ஜூலை கடைசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் கியால்முவின் வீட்டுக்குக் கெசாங் வந்தாள். உர்கெனின் மனைவி. உர்கென்தான் பலகையில் வலது பக்கம் முதல் பெயர், குழுவின் தலைமை வழிகாட்டி. கெசாங் பையிலிருந்து ரோஜா நிறப் பிளாஸ்க்கை எடுத்தபோது கியால்மு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். இவள் புருஷன் பெயர் ஏற்கெனவே முதலில் இருக்கிறது. இவள் தம்பியைச் சமையல் குழுவில் போட்டாயிற்று. இதற்கு மேல் கேட்க இவளுக்கு என்ன இருக்கிறது? நன்றி சொல்ல வந்திருப்பாள்.

“அல்சர்னு சொன்னாங்களே அக்கா?”

“அதெல்லாம் ஊருக்கு. உனக்கு இல்ல. ஊத்து.”

கெசாங் வெண்ணெய் தொட்டு வைத்தாள். கியால்மு குடித்தாள். பதமாகப் புளித்த சாங். இரண்டாவது ஊற்றும் ஆனது. மழையைப் பற்றிப் பேசினார்கள், தக்காளி விலையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவதையும் குடித்துவிட்டுக் கியால்மு உதட்டைத் துடைத்தாள்.

“உர்கென மேல அனுப்பாதீங்க அக்கா,” என்றாள் கெசாங்.

கியால்மு சிரித்தாள். கெசாங் சிரிக்கவில்லை.

“போன மாசம் கேஸைத் திறந்துவிட்டுட்டுத் தீப்பெட்டி தேடப் போனார். நான் வந்து பாத்தா வீடெல்லாம் நாத்தம். இவர் மொட்டை மாடியில நின்னு செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கார்.”

“மறக்காத மனுஷன் யாரு? நான் நேத்து ஒரு கால்ல ஒரு செருப்பு, இன்னொரு கால்ல வேற செருப்பு போட்டுட்டு ஆபீஸ் போனேன்.”

“பொண்ணக் கூட்டிட்டு வரப் போனார். ஸ்கூல் வாசல்ல நின்னுக்கிட்டுப் பொண்ணு இன்னும் வரலன்னு எனக்குப் போன் பண்றார். எந்த ஸ்கூல்னு கேட்டா பழைய ஸ்கூல். அதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.”

கியால்மு கோப்பையைக் கீழே வைத்தாள். “மகாலுவுக்கு அப்புறமா?”

“அப்புறம்தான்.”

மகாலு மலையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். போன வசந்தத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, டாக்டர் ப்ரூனர் என்ற ஆஸ்திரியக்காரரின் ஆக்சிஜன் கருவி நின்றுவிட்டது. உர்கென் தன் முகமூடியைக் கழற்றி அவருக்கு மாட்டினான். இருட்டும்வரை தான் வெறும் காற்றிலேயே இருந்து அவரைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தான். டாக்டர் அழுதார், கட்டிக்கொண்டார். இந்த முறை மனாஸ்லுவுக்குத் தன் நண்பர்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை: பக்கத்தில் உர்கென் இருக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?”

“தலைவலிகூட இல்ல, எதுக்கு ஆஸ்பத்திரிங்கறார். தன் பேர்ல அப்படி ஒரு காகிதம் வந்துட்டா அப்புறம் எந்தக் கம்பெனி கூப்பிடும்னு பயம். அந்தப் பயமும் தப்பில்ல. அதனால நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியக்கூடாது. என்ன காரணம்னு வேற யாருக்கும் தெரியக்கூடாது.”

“அதையும் சேர்த்தா கேக்குற?”

“மூணு வாட்டி குடிச்சீங்கல்ல,” என்று சொல்லிவிட்டுக் கெசாங் பிளாஸ்க்கைத் துணியில் சுற்றினாள்.

மறுநாள் கியால்மு பலகையில் டாக்டர் பெயரிலிருந்து உர்கெனுக்குப் போன கோட்டை அழித்தாள். அவன் பெயரைக் கீழே, அடிவார முகாம் என்று எழுதியிருந்த இடத்தில் எழுதினாள். ஜாங்பு உள்ளே வந்து, பலகையைப் பார்த்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“யாரு இத அழிச்சது?”

“நான்தான் அண்ணே.”

“உனக்கென்ன பைத்தியமா? அந்த டாக்டர் வர்றதே இவனுக்காக. டாக்டர் வரலன்னா மிச்ச அஞ்சு பேரும் வரமாட்டான். சிலிண்டர் பாதி வழியில கழுதை மேல போயிட்டிருக்கு. யாருக்குக் கொண்டுபோகுதுன்னு நெனச்ச, கழுதைக்கா?”

“டாக்டர் கூடத் தெம்பா போகட்டும்.”

“தெம்பாவா! அவன் அடுத்தவன் சாப்பிடறப்பகூட ஸ்பூன் சரியாப் பிடிக்கிறானான்னு பாக்குறவன். ஒரு வாரத்துல டாக்டரே அவனைத் தள்ளிவிட்டுருவார். என்ன காரணம்னாவது சொல்லித் தொலை.”

“அல்சர்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

ஜாங்பு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சத்தம் இறங்கிவிட்டது.

“எத்தனை ஊத்து?”

“மூணு.”

“கடைசிவரைக்கும் குடிச்சியா?”

“காலி பண்ணிட்டேன்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். யார் வந்தது, என்ன கேட்டது என்று விசாரிக்கவில்லை. விசாரிப்பது முறையில்லை. “இத்தனை வருஷம் ஏமாத்தினியேம்மா எல்லாரையும்,” என்று மட்டும் சொன்னார். பிறகு, “டாக்டர்கிட்ட நீயே பேசிக்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள அவர் சரின்னு சொல்லலன்னா கழுதையைத் திருப்பச் சொல்லிடறேன்.”

கியால்மு டாக்டருக்கு எழுதினாள். உர்கென் இந்த முறை அடிவார முகாமில் வாக்கி டாக்கிப் பொறுப்பில் இருப்பான், மேலே உங்களோடு எங்கள் மிகக் கவனமான ஆள் ஒருவர் வருவார். பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. உர்கென் இல்லையென்றால் நானும் இல்லை, என் நண்பர்களும் இல்லை. கீழே வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் புரிந்துகொள்வார் என்று அவளுக்குத் தெரியும், டாக்டர்தானே. ஆனால் சொல்வதில்லை என்று குடித்தாயிற்று.

சனிக்கிழமை அலுவலகம் இல்லை. கியால்மு துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உர்கென் படியேறி வந்தான். உயரமான ஆள், வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். கையில் ஒரு ரம் பாட்டில், அதன் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு.

“உர்கென், எனக்கு அல்சர்ப்பா.”

“புதன்கிழமை என் வீட்டுப் பிளாஸ்க் காலியாத் திரும்பி வந்துச்சு அக்கா. மச்சானுக்காகக் கேக்க வந்தாளாக்கும். மச்சானுக்குக் குடிப்பீங்க, எனக்கு மாட்டீங்களா?”

கெசாங் தன் தம்பிக்காகத்தான் வந்தாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். கியால்முவால் அதை மறுக்க முடியாது. உட்காரச் சொன்னாள். உர்கென் அவள் சமையலறையிலிருந்து வெண்ணெயை எடுத்துவந்தான். கோப்பையின் விளிம்பில் மூன்று இடத்தில் தொட்டு வைத்தான். கத்தியைக் கீழே வைத்தான். ஜன்னல் வழியே எதிர்மாடியில் யாரோ புறாவுக்கு மக்காச்சோளம் போடுவதைப் பார்த்தான். திரும்பி, கத்தியை எடுத்து, அதே விளிம்பில் இன்னும் மூன்று இடத்தில் வெண்ணெய் வைத்தான்.

கியால்மு ஆறு பொட்டுகளையும் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். மூன்றாவது ஊற்று முடிந்ததும் அவன் முழங்காலில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தான்.

“பலகையைப் பாத்தேன். ஜாங்பு அண்ணன் உளறி வச்சிருப்பார், நீங்க ஏதோ நெனச்சு மாத்தியிருப்பீங்க, போகட்டும். என்னைத் திரும்ப டாக்டர் கூடப் போடுங்க. கூடவே தெம்பாவையும் போடுங்க.”

“தெம்பாவ உனக்குப் பிடிக்காதே. போன வருஷம் அவன் கூட ஒரே கூடாரத்துல படுக்கமாட்டேன்னு வெளியில பனியில உக்காந்திருந்த.”

“இப்பவும் பிடிக்காது.”

“அப்புறம்?”

“அவன்தானே அடுத்தவன் போட்ட முடிச்சையெல்லாம் இழுத்து இழுத்துப் பாக்கறவன். அதான் வேணும்.” உர்கென் தன் கைகளைப் பார்த்தான். “இப்பல்லாம் போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருந்தா சரியாப் போயிடும். கெசாங்குக்குத் தெரியவேண்டாம். பயந்துடுவா.”

அவன் போனபிறகு கியால்மு துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டாள். புருஷனுக்குத் தெரியக்கூடாது என்று பெண்டாட்டியின் சாங். பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று புருஷனின் ரம். ஒன்று மேலே அனுப்பாதே என்கிறது, இன்னொன்று மேலே அனுப்பு என்கிறது. இரண்டும் அவள் வயிற்றில் இருந்தன. உண்மையிலேயே வயிறு எரிந்தது.

நியூயார்க்கில் கணவர் எழுந்ததும் போன் செய்தாள். முழுக்கச் சொல்லவில்லை, இரண்டு கோப்பை முட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னாள்.

“ஒண்ணத் திருப்பிக் குடு,” என்றார் அவர். “ஒண்ணுக்கு ரெண்டாக் கொண்டுபோய் ஊத்து. வேற என்ன வழி இருக்கு? பின்னாடி ஆள் ஏறிட்டான், வைக்கிறேன்.”

திருப்பிக் கொடுப்பது என்று ஒன்று உண்டு. ஒப்புக்கொண்டதைச் செய்ய முடியாதவர், குடித்ததற்கு இரு மடங்கு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போக வேண்டும். அவர்கள் கோப்பையை வாங்கினால் விடுதலை. வாங்காவிட்டால் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கியால்மு அப்படி யார் வீட்டுக்கும் போனதில்லை. கேட்கவும் போனதில்லை, திருப்பவும் போனதில்லை. அவள் வீட்டில் சாங் புளிக்கவைக்கும் பானைகூடக் கிடையாது.

திங்கட்கிழமை காலை தெருமுனையில் சாங் விற்கும் பெண்ணிடம் இரண்டு பிளாஸ்க்கை நீட்டினாள்.

“வீட்ல விருந்தாக்கா?”

“இல்ல. எடுத்துட்டுப் போறேன்.”

“நீங்களா? யார் வீட்டுக்கு?”

“ஊத்துறியா இல்லையா?”

அந்தப் பெண் ஊற்றினாள். கியால்மு சந்தைத் தாண்டுவதற்குள், சாங் விற்றவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

உர்கென் வீடு இருக்கும் ஜோர்பாட்டிக்குப் போகும் மைக்ரோ பஸ்ஸில், நனைந்த ஜனங்களுக்கு நடுவில், இரண்டு பிளாஸ்க்கையும் மடியில் வைத்துக்கொண்டு போனாள். உர்கென்தான் கதவைத் திறந்தான். பிளாஸ்க்குகளைப் பார்த்தான். ஒன்றா, இரண்டா என்று எண்ணிப் பார்த்தது அவன் முகத்தில் தெரிந்தது.

“ரெண்டா அக்கா?”

“ரெண்டு.”

அடுப்பருகே இருந்த கெசாங் மாவுக் கையோடு அப்படியே நின்றாள். கியால்மு உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டுக் கோப்பையையே கேட்டு வாங்கினாள், வெண்ணெய் வைத்தாள், ஊற்றினாள், இரண்டு கையாலும் ஏந்தி உர்கென் முன் நீட்டினாள்.

“ஷே, ஷே.”

உர்கென் கையை நீட்டவில்லை. “எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க.”

“சும்மாதான் வந்தேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது. “சனிக்கிழமை குடிச்சத ரெண்டே நாள்ல திருப்புறீங்க. நான் என்ன தப்பாக் கேட்டேன்?”

கியால்மு பதில் சொன்னால் கெசாங்கைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். கோப்பை நிறைய இருந்தது, கை வலிக்க ஆரம்பித்தது. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிப் பக்கெட்டில் விழுந்தது.

“நான்தான் கேட்டேன்,” என்றாள் கெசாங்.

உர்கென் திரும்பினான்.

“புதன்கிழமை தம்பிக்காகப் போகல. உங்களுக்காகத்தான் போனேன். மேல அனுப்பாதீங்கன்னு கேட்டேன். அக்கா என்னுதத்தான் முதல்ல குடிச்சாங்க.”

“என் சோத்துல நீயே மண்ணப் போட்டியா?”

“கேஸத் திறந்துவிட்டது யாரு? நானா?”

“அது ஒரு நாள்.”

“ஸ்கூல் வாசல்ல நின்னது?”

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” அவன் குரல் உயர்ந்தது. “எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் தெம்பாவக் கூடப் போடுங்கன்னு போய்க் கேட்டேன். போயும் போயும் அந்தத் தெம்பாவ! நான் யோசிக்காமலா இருக்கேன்?”

கெசாங் இதை எதிர்பார்க்கவில்லை. மாவுக் கையை இடுப்பில் கட்டியிருந்த கோடுபோட்ட துணியில் துடைத்தாள். சண்டைக் குரலில் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்:

“தெம்பா முடிச்சப் பாப்பான். சரி. டாக்டர மேல ஒரு இடத்துல நிக்கவச்சுட்டு, நிக்கவச்சதையே மறந்து நீங்க கீழ இறங்கி வந்துட்டா?”

உர்கென் ஜன்னலைப் பார்த்தான். அவன் ஏதோ சொல்லப் போகிறான் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். அவன் திரும்பி, கியால்முவின் கையிலிருந்த கோப்பையை வாங்கினான். ஒரு வாய் குடித்தான். அவள் நிரப்பினாள். இரண்டாவது வாய். நிரப்பினாள். மூன்றாவதை ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

“கேளுங்க.”

“அடிவார முகாம்ல என் பக்கத்துல உக்காரு. ரேடியோ உன்னோடது. டாக்டர் கூடத் தெம்பா மேல போறான், எந்த இடத்துல எப்படிப் போகணும்னு நீ கீழ இருந்து சொல்லு. அந்த மலை உனக்கு மனப்பாடம்.”

“மறந்துட்டா?”

“பக்கத்துல நான் எதுக்கு? நீ சொல்றத எழுதி வச்சுக்கிட்டே இருப்பேன். திட்டவும் செய்வேன்.”

“அது தெரிஞ்சதுதான்.”

“இன்னொண்ணு. ஆஸ்பத்திரிக்கு வா. தலைய ஒரு தடவ படம் எடுத்துப் பாத்துடலாம்.”

உர்கென் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். “ஒரு நாளைக்கு ஒரு காரியம்தான் அக்கா. முதல் பிளாஸ்க் ரேடியோவுக்கு. ரெண்டாவது நான் குடுத்ததத் திருப்பினதுக்கு. அதுல புதுசா எதுவும் கேக்க முடியாது. முறைன்னா முறை.”

அவன் சொன்னது சரி. ஆனால் கெசாங் உள்ளே போனாள். பானை மூடி சத்தம் கேட்டது. ரோஜா நிறப் பிளாஸ்க்கோடு வந்து புருஷன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கவிழ்த்திருந்த கோப்பையை நிமிர்த்தினாள். வெண்ணெய் வைத்தாள்.

“கட்டின பொண்டாட்டி எனக்கே ஊத்துறாளா?” என்றான் உர்கென் கியால்முவைப் பார்த்து. “இப்படி எங்கயாவது உண்டா?”

“ஷே, ஷே,” என்றாள் கெசாங்.

“எதுக்கு?”

“சும்மாதான்.”

அவன் குடித்தான். அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை. பிசைந்த மாவு காய்ந்துபோனது.

செவ்வாய்க்கிழமை உர்கென் அலுவலகத்துக்கு வந்து ஆஸ்திரியாவுக்கு அவனே போன் போட்டான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தான் கீழே இருப்பதாகவும், காதில் தன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்றும், டாக்டரின் முடிச்சையும் தெம்பா இழுத்துப் பார்ப்பான், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னான். மறுமுனையில் டாக்டர் ஏதோ கேட்டார். உர்கென் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். கதவு முழுதாகச் சாத்தவில்லை. “ஆமா,” என்றான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மறுபடியும், “ஆமா, மகாலுவுக்கு அப்புறம்.”

அவன் உள்ளே வந்து போனைக் கொடுத்தபோது ஜாங்பு கேட்டார், “வர்றாரா?”

“வர்றார். ரெண்டு பேர் வரலையாம். நாலு பேர்.”

“கழுதை?”

“போகட்டும்,” என்றாள் கியால்மு. எழுந்து பலகையில் இரண்டு பெயர்களை அழித்தாள். சிலிண்டர் கணக்கை மாற்றினாள். சாமாகாவ் லாமாவுக்குப் போன் போட்டாள். பூஜைக்கு நாள் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இன்னொரு காரியத்துக்கும் நல்ல நாள் வேண்டும், காத்மாண்டுவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்றாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொன்னார்.

சமையல் குழு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் புறப்பட்டுத் தண்ணீருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. மற்றவர்கள் செப்டம்பர் நான்காம் தேதி ஹெலிகாப்டரில் சாமாகாவ் போகிறார்கள். அடிவார முகாமுக்கு இந்த முறை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போகின்றன. லாமா சொன்னபடி உர்கெனுக்கு ஸ்கேன் அக்டோபர் பதினெட்டாம் தேதி காலை. கெசாங் கூடப் போகிறாள்.